பிரியாணியா, சட்னியா

எழுபதுகளில் சென்னையில் மூன்று மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் படித்தேன். ஒரு நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வராமல் போகிறது, ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பு. எபிடெமியாலஜி என்ற பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. உறவினர்களிடம் "காலரா படிப்பு" என்று சொல்லிவைத்திருந்தாள். நான் கணிதப் பட்டதாரி. தேர்வில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆனால் அதுவரை ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசியதே கிடையாது.

வகுப்பு முடிந்ததும் இரண்டு வாரக் களப்பயிற்சிக்குப் படப்பைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். என்னோடு படித்த இளம் டாக்டர் ஒருவரும் வந்தார். திருநெல்வேலிக்காரர், எதற்கும் பதறமாட்டார்.

போன இரண்டாம் நாள் காலையில் சேரப்பணஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். முந்தின நாள் அவர்கள் ஊர் மாதா கோயிலில் கல்யாணம். மதியச் சாப்பாடு முடிவதற்குள் பாதி ஊர் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டது என்றார். மருந்துப் பெட்டியோடு டாக்டரும், நோட்டுப் புத்தகத்தோடு நானும் கிளம்பினோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நல்ல வேளையாக, நாங்கள் போவதற்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். ஆனால் ஊர் வேறொரு விஷயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. விருந்துக்குப் பிரியாணி செய்ய பூந்தமல்லியிலிருந்து ஒரு சமையல்கார பாயை வரவழைத்திருந்தார்கள். கெட்ட கறியைப் போட்டுவிட்டார் என்று அவர்மேல் பழி. மனிதர் ஊருக்கும் போகாமல் பந்தல் ஓரத்தில் தன் தேக்சாப் பாத்திரங்களுக்கு நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைல நான் பாக்கவே அறுத்த ஆடும்மா. நானும் அதே கறியத்தான் துன்னேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே," என்றார் என்னிடம்.

நான் வீடு வீடாகப் போனேன். வாந்தி எடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் விருந்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். பிரியாணி, பிரியாணி, பிரியாணி. பத்து வீடு முடிந்தபோது விடை கிடைத்துவிட்டதென்று நோட்டில் அடிக்கோடு போட்டேன். பதினோராவது வீட்டில் ஒரு பெண் கோரைப்பாயில் சாய்ந்தபடி என் கேள்வியை முழுக்கக் கேட்டாள். பிறகு வாசலைக் காட்டினாள். அங்கே அவள் புருஷன் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"என்னிய மட்டும் கேக்குறியே, கல்லு மாதிரி நிக்கிறாரே, அவர இன்னா துன்னேன்னு கேட்டியா? என்னியவிட ரெண்டு தட்டு பிரியாணி ஜாஸ்தி துன்னாரு!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நோய் வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிடாமல் எதையும் முடிவுகட்டக் கூடாது என்று தேர்வுத் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான்தான். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன்.

"அப்போ வராதவங்களயும் கூப்பிடுவோம். ஊரே கூடட்டும், எல்லார்ட்டயும் கேட்டுப்பிடுவோம்," என்றார் அவர்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. கபடிக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு பெரிய சதுரம் போட்டு, அதை நாலு கட்டமாகப் பிரித்தேன். சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்கள் ஒரு கட்டம், சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் ஒரு கட்டம், சாப்பிடாமலே வாந்தி எடுத்தவர்கள் ஒரு கட்டம், சாப்பிடவும் இல்லை வாந்தியும் இல்லை என்பவர்கள் நாலாவது கட்டம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எண்களாகப் பார்த்திருக்கிறேன். இப்போது எண்களுக்குப் பதில் ஆட்கள் நின்றார்கள்.

முதலில் பிரியாணி என்று கத்தினேன். ஒரே தள்ளுமுள்ளு. புருஷன் ஒரு கட்டத்துக்கும் பெண்டாட்டி ஒரு கட்டத்துக்கும் ஓடினார்கள். "நீ இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? அங்க போ!" என்று ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். எல்லோரும் நின்று முடித்ததும் பார்த்தால், பிரியாணி சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் கட்டத்தில் நிற்க இடமில்லை. கறி சாப்பிடாத பக்கத்துத் தெரு ஆட்களுக்குத் தனிப் பந்தியில் சாம்பார் சாதம் போட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் பிரியாணியைத் தொடாமலே வாந்தி எடுத்திருந்தார்கள். பந்தல் ஓரத்திலிருந்து எழுந்து வந்த பாய், கட்டங்களைச் சுற்றிச் சுற்றி நடந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர், "நான் சொல்றேன் கேளுங்க. பூசைல நன்மை வாங்கினவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆண்டவரு காப்பாத்திட்டாரு," என்றார். பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கியவர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னேன். உண்மைதான், அவர்களில் ஒருவர்கூடப் படுக்கவில்லை! கூட்டத்தில் பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒதுங்கி நின்றவர்களை நான் மறுபடி எண்ணினேன்.

டாக்டர் மெதுவாக அவர்களிடம் போனார். "தாத்தா, நன்மை வாங்குத அன்னைக்குக் காலையில பலகாரம் சாப்பிடுவீங்களா?"

"அதெப்படி? வெறும் வயித்தோடதான் வாங்குவோம். பூசை முடிஞ்சி நேரா மதியப் பந்திதான்."

நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் போட்ட காலைப் பலகாரத்தைப் பற்றி அதுவரை யாரிடமும் நாங்கள் கேட்கவே இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தி தொடங்கும் முன்பே வாந்தி எடுத்ததையும், வெயில் என்று எல்லோரும் விட்டுவிட்டதையும் அப்போதுதான் ஒருவர் சொன்னார்.

மறுபடியும் கட்டங்களுக்குள் ஓடச் சொன்னேன். இட்லி! வாந்தி எடுத்தவர்கள் எல்லோரும் இட்லி சாப்பிட்டவர்கள்தான். நற்கருணை வாங்காவிட்டாலும் மதியம் மட்டும் வந்து சாப்பிட்ட அக்கம்பக்கத்தார் எல்லோரும் சுகமாகவே இருந்தார்கள். ஆனால் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டவர்களும் சுகமாக இருந்தார்கள். அடுத்து, தேங்காய்ச் சட்னி! இந்த முறை கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சட்னி சாப்பிட்டவர்களில் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சட்னி சாப்பிடாமல் வாந்தி எடுத்ததாக ஒரே ஒருவர் தன் கட்டத்தில் தனியாக நின்றார்.

"பொய்யி!" என்று அவர் பெண்டாட்டி எதிர்க் கட்டத்திலிருந்து கத்தினாள். "இருமலுக்குத் தேங்கா ஆகாதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். எனக்குத் தெரியாம ரெண்டு கரண்டி வாங்கி ஊத்திக்கினாரு, நான் பாத்தேன்!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கட்டம் மாறினார். மைதானமே சிரித்தது. நான் நோட்டில் எண்ணைத் திருத்தினேன்.

சிரிப்பு அடங்கியபோது மணப்பெண்ணின் அம்மா முன்னால் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வடிந்துவிட்டது. யார் குற்றம் என்று தேடி நான் வரவில்லை. ஆனாலும் விரல் ஒரு வீட்டைக் காட்டிவிட்டது. அவளைக் காப்பாற்ற ஏதாவது சொல்லத் தேடினேன். அவள் காத்திருக்கவில்லை. நேராகப் பாயிடம் போனாள்.

"காலைல வேல ஜாஸ்தியா இருக்கும்னு முந்தின நாளு பொழுதோடயே சட்னிய அரைச்சி அண்டால வெச்சிட்டேன் பாய். வெய்யக் காலம்னு நெனச்சிப் பாக்கல. உங்க மேல பழியப் போட்டுட்டாங்க, நானும் பேசாம நின்னுக்கினு இருந்தேன். மன்னிச்சிக்கங்க."

"அட, போம்மா," என்றார் பாய். "கல்யாண வூட்ல ஆயிரம் வேலை. மாப்ள பொண்ணு ரெண்டு பேரும் நல்லா கீறாங்கல்ல? அது போதும்."

சட்னி கொஞ்சமும் மிச்சமில்லாததால் சோதனைக்கு அனுப்ப வழியில்லை. அநேகமாகச் சட்னிதான் என்று மட்டும் அறிக்கையில் எழுதினோம். வீட்டின் பெயரைப் போடவில்லை. அரைத்ததை வெயில் காலத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் ஊருக்கே பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் போய் ஒரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டை யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கிளம்பும்போது பாய் என்னை நிறுத்தினார். மணிமங்கலத்தில் அடுத்த கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். இந்தச் செய்தி அங்கே போயிருக்குமே என்று கவலை.

"பிரியாணி மேல தப்பில்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது முறை உதடு அசைய என்னோடு சேர்ந்து அவரும் சொன்னார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் இல்லியா?" என்றார் பாய்.

எங்களிடம் சீல் ஏது? அவ்வளவு நேரமும் கோயில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பங்குச் சாமியார் உள்ளே போய், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வைத்திருக்கும் சீலை எடுத்துவந்து ஊதி, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார்.