கிரேன் அண்ணனின் அனுமதி அட்டை

கிரேன் அண்ணனின் வேலை அனுமதி அட்டை ஒரு மதியம் முழுக்க என் மேசையில் கிடந்தது. படத்தில் அவர் போட்டிருந்த நீலச் சட்டை அவருடையதல்ல. அறைத்தோழரான வெல்டரிடம் இரவல் வாங்கியது. தோள்பட்டையில் தொளதொளவென்று தொங்கும். அந்த அட்டையை வெட்டிப் போட வேண்டியது என் வேலை. கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இதே சிங்கப்பூரில், தோ பாயோவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது முதல் வேலை. தொழிலாளர்களின் பெர்மிட் தாள்கள் எல்லாம் என் பொறுப்பு. கிரேன் அண்ணன் ஒன்பது வருடமாக அங்கே லாரி கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அலுவலகத்துக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலுறையோடு தரையில் ஓசையில்லாமல் நடந்து வருவார். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், "நீங்க பெருக்குற இடம் இல்லதான், யாரோ பெருக்குறாங்கல்ல தங்கச்சி" என்பார். வெல்டரும் அவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக வந்தார்.

"பாஸ் காதுக்குப் போக வேணாம் தங்கச்சி. என் பெர்மிட் எப்ப முடியுது?"

எதற்குக் கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு நிறுவனம் மாற வேண்டுமானால், அனுமதி முடிவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் முடியும். அதற்குள் முதலாளி ரத்து செய்துவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். தேதியைப் பார்த்துச் சொன்னேன். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. புது நிறுவனத்தில் வருடா வருடம் விடுப்பு உண்டாம். எங்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மகளுக்கு நாலு வயது. வீடியோவில் அப்பா முகம் வந்தாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்கும் வெல்டருக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் முதலாளி என் மேசைக்கு வந்தார். கெட்டவரல்ல, தீபாவளிக்குத் தன் கையாலேயே பிரியாணி பரிமாறுகிறவர். "கிரேன்காரர் பெர்மிட் முடியப்போகுதுல்ல, ரினியூ பண்ணிடும்மா" என்றார்.

புதுப்பித்துவிட்டால் அவர் மாற முடியாதே என்ற பதற்றத்தில், "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணலாமா சார்?" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் கேக்கணும்?"

நான் மேசைத் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "சொல்லும்மா. வேற எங்கயும் போறாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். "போகணும்னு ஆசைப்படுறார் போல சார்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஒன்பது வருஷம் வீட்டு ஆள் மாதிரி வச்சிருந்தேன். என்கிட்டயே கேட்டிருக்கலாம்லா." எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "கேன்சல் பண்ணிடு. இன்னிக்கே."

கணினியில் பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அட்டையை வெட்டத்தான் மாலைவரை ஆயிற்று.

கிளம்பும் நாளன்று கிரேன் அண்ணன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அன்றைக்கும் பூட்ஸை வெளியேதான் கழற்றி வைத்திருந்தார். "நீங்க எனக்கு நல்லதுதான் நெனச்சீங்க தங்கச்சி" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாசலில் வெல்டர் வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார். அண்ணன் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வேனில் ஏறினார். வெல்டர் நீட்டிய கையோடு நின்றார். போகிற வேதனையில் அப்படிச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

மறுவருடம் நானும் வேலை மாறினேன். ஒரு மாத முன்னறிவிப்பு, ஒரே ஒரு கடிதம். கேக் வெட்டினார்கள். முதலாளி கைகுலுக்கி, "எங்க போனாலும் நல்லா இரும்மா" என்றார். குடியுரிமை உள்ளவள் வேலை மாறினால் அது முன்னேற்றம். கேக்குத் துண்டைத் தட்டோடு வைத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கிரேன் அண்ணன். கத்தாருக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். மகள் பழகித் தோளில் ஏறத் தொடங்கிய நேரத்தில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது என்றார். இங்கே எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். வெல்டரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நானாகக் கேட்டேன்.

"அவன் பேச்சு வேணாம் தங்கச்சி. கூடவே இருந்து காட்டிக் கொடுத்துட்டான்."

உட்கார இடம் தேடினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்காலி, அந்தக் கேள்வி, நான் சொன்ன பதில். எதிர்முனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் சத்தியம் பண்ணினான் தங்கச்சி. ஊருக்குப் போன பிறகும் மாசக்கணக்கா போன் பண்ணினான். நான் நம்பரையே பிளாக் பண்ணிட்டேன்." பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெல்டரின் பழைய எண் இப்போது வேறு யாருடையதோ. பழைய அலுவலகத்தில் விசாரித்தேன். அவருக்கு மாற்றம் கிடைத்து வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறேன். புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் வெல்டரின் பெயரையும் ஊரையும் சொல்லிக் கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலர், "என்னக்கா, எதுவும் பிரச்சினையா?" என்று பயந்து எழுந்துவிடுகிறார்கள். இல்லை, நல்ல செய்திதான் என்கிறேன். கிரேன் அண்ணன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், கிடைத்தால் போட்டுக் காட்டச் சொல்லி.

"டேய், நான்தான். தப்பு என் மேலதான்டா. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் அதில் இருக்கிறது. என் பெயரை அவர் எங்கேயும் சொல்லவில்லை.