கஸ்தூரி பேரில் ஊற்றிய பால்

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில் மேய்ச்சல் நிலமெல்லாம் இப்போது கிடங்குகள். மிச்சத்தைப் பிளாட் போட்டுவிட்டார்கள். அவர்களைத் திட்டத் தொடங்கினால் கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல நேரமிருக்காது.

சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். கைக்குழந்தையாக ஒரு மகள், மகன் அசோக், ஒரு கறவை மாடு. எங்கள் பால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டு மாட்டை மற்ற உறுப்பினர்கள் கறந்து, அந்த வீட்டுப் பேரிலேயே சங்கத்தில் ஊற்றுவார்கள். கருமாதி வரை அந்த வீட்டுப் பால் நிற்கக் கூடாது. அவள் புருஷன் செத்தபோது முதல் ஆளாகச் சொம்போடு வந்து நின்றவள் பின்தெருக் கஸ்தூரி. அதற்கப்புறம் இருவரும் ஓருயிர்தான். சங்கத்துப் பாலில்தான் கன்னியம்மா மகளை நர்சுக்குப் படிக்க வைத்தாள்.

போன வருஷம் அவள் மாடு கிடங்குக் குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்று, வயிறு ஊதிச் செத்தது. மனுஷர் செத்தது போல அழுதாள், ஆனால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு. கேன் நிறைந்தால்தான் பால் வண்டி ஊருக்குள் வரும். ஏற்கனவே நிறையாமல் தத்தளித்துக்கொண்டிருந்த கேன் அது. அவள் ஒருத்தி நின்றாலும் வண்டி நிற்கும், சங்கத்தை மூடுவார்கள்.

"மூடிட்டா கஸ்தூரி இன்னாடா பண்ணுவா? அவளுக்கு அந்த மாட்ட வுட்டா இன்னா பொயப்பு கீது?" என்று, சங்கத்தில் சொல்லிவிடலாம் என்ற அசோக்கின் வாயை அடைத்தாள்.

யாருக்கும் தெரியாமல் மாட்டைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். உள்ளூர்க் கடையில் வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கரையான்சாவடிக்குப் பஸ் ஏறிப்போய் பாக்கெட் பால் வாங்கி வந்தாள். அப்போதுதான் கறந்தது போல இருக்க, விடியலில் அதை வெதுவெதுப்பாகச் சூடு செய்து சங்கத்துக்கு எடுத்துப் போனாள். சங்கம் கொடுத்த விலை பாக்கெட்டுக்கே போதவில்லை. கிறுக்குத்தனம்தான். ஆனால் சொல்லித் திருத்த யாருக்கும் தெரிந்தால்தானே?

தன் வீட்டுக்கு யாரும் வந்துவிடக் கூடாதென்று அவளும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கஸ்தூரியும் வருவதை நிறுத்திவிட்டாள். சங்கத்து வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி. அதில் கன்னியம்மாவுக்கு நிம்மதியும் இருந்தது, உள்ளூர ஒரு வருத்தமும் இருந்தது.

தை மாதத்தில் கஸ்தூரி நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். பாடை எடுப்பதற்கு முன், விடியலில், சொம்பும் காம்புக்குத் தடவ விளக்கெண்ணெயுமாகக் கன்னியம்மா அந்த வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். உள்ளே மாடு இல்லை. காய்ந்த தொட்டியும், ஒரு மூலையில் மடித்து வைத்த பால் பாக்கெட் உறைகளும் இருந்தன.

கஸ்தூரியின் மகன் பாபு பின்னாலேயே வந்து நின்றான்.

"மாடு போன ஆடியிலயே பூட்ச்சி பெரிம்மா. கன்னிம்மாவுக்குத் தெரிய வேணாம், சங்கத்த நம்பி அவ மாடு வெச்சுகினு கீறான்னு அம்மா சொல்லிச்சு."

கன்னியம்மா குனிந்து அந்த உறைகளைத் தொட்டாள். அழுகை வரவில்லை. இன்றைக்கு ஊற்ற வாங்கினது இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஃப்ரிட்ஜில் இருந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சூடு செய்யாமலே சொம்பில் ஊற்றிக்கொண்டு நடந்தாள்.

சங்கத்தில் பால் அளக்கிற சம்பத் சொம்பைத் தொட்டான். சில்லென்றிருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவ பேர்ல எய்து," என்றாள்.

அவன் எழுதினான். பிறகு கேனைப் பார்த்தபடியே, "இனிமே நீயும் சூடு பண்ணிக்கினு கஷ்டப்படாத அத்தே," என்றான். "எனக்குத் தெரியும். ஆரு ஊட்லயும் மாடு இல்ல."

வாசலில் பால் வண்டி ஹாரன் அடித்தது. கேன் நிறைந்துதான் இருந்தது. கன்னியம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைக்காமல், ஊர் கேட்க அழுதாள்.