முன்னுக்குச் சாய்ந்த வலைக்காரர்கள்

அடுப்பில் பால் வைத்திருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ரோசம்மா அக்கா பேசினார். "டீச்சர், சேர் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசுறேன்." அவர் குரலில் அழுகை இல்லை. "நீங்க அவரப் பத்தி எழுதுவீங்கன்னு தெரியும். தேயில ஓவியர்னு மட்டும் எழுதிறாதீங்க" என்றார். கணவரின் உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அதற்குள் ஒரு பெண் இப்படிக் கேட்கிறார் என்றால், அந்த வீட்டில் எத்தனை வருட எரிச்சல் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி எழுதமாட்டேன் அக்கா என்று சொன்னேன். பால் பொங்கி வழிந்து போயிருந்தது.

சவரிமுத்து சேர், பதுளையில் நான் தமிழ் படிப்பித்த பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவர். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் கரையோர மக்களைத்தான் வரைந்தார். கருவாடு காயப்போடும் பெண்கள், உப்பில் வெடித்த விரல்கள், வலைக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கேன்கள் என்று கண்டதைக் கண்டபடி வரைந்தார். அழகுக்காக ஒரு தென்னையைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை.

ஏன் சேர் இந்தக் கடல் பைத்தியம் என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து காட்டினார். சோறு, பருப்பு, பொரித்த கருவாடு.

"லயத்துல எங்கம்மா தினம் இதத்தான் ஆக்கிக் குடுத்தாங்க. தேத்தண்ணி குடிக்கிறவன நாம திட்டுறோம்ல டீச்சர், கொழுந்து பறிச்சவ யாருன்னு ஒரு நாளாவது கேட்டானான்னு? இந்தக் கருவாட்டக் காயப்போட்டவ யாருன்னு நாம கேட்டோமா?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கருவாடு சாப்பிடும்போது மட்டும் ஞாபகம் வரும்.

அவர் கேட்டதோடு நிற்கவில்லை. விடுமுறை விட்ட மறுநாளே பசறை, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்குப் பஸ் ஏறிவிடுவார். அதற்கும் அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமம். கருவாடு காயப்போடும் பாக்கியம் என்ற பெண்ணின் வீட்டில் தங்குவார். முதலாவதாக வரைந்த பெரிய படம், மணலில் நின்று கரைவலை இழுக்கும் ஆண்கள். படத்தில் இருப்பவர்கள் பார்த்துத் தலையாட்டினால்தான் படம் முடிந்தது என்பது அவருடைய சட்டம். அதனால் அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் விரித்தார். பாக்கியம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"என்ன சேர் இது, எங்கட ஆக்கள் மலை ஏறுறாங்களா? வலை இழுக்கக்குள்ள பின்னுக்குத்தான் சாய்வாங்க. இப்பிடி முன்னுக்குச் சாஞ்சா வலையோட கடலுக்குள்ளதான் போகோணும்."

உண்மைதான். கூடையைச் சுமந்து மேட்டில் ஏறும் மனிதர்களைப் பார்த்தே வளர்ந்த கை, மணலில் நின்றவர்களையும் முன்னுக்குச் சாய்த்துவிட்டது. அவர் வேறு படம் வரைந்தார். அதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் பிழையான படத்தையும் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டிவைத்தார். எடுத்துவிடுங்களேன் என்று நான் சொன்னபோது, "தப்புதான். ஆனா நான் எங்கேயிருந்து போனேன்னு அதுல தெரியுது. இருக்கட்டும்" என்றார்.

ஒருமுறை ஒரு தேயிலைக் கம்பனிக்காரர் கலண்டருக்குப் படம் கேட்டு வந்தார். பச்சை மலை, கொழுந்துக் கூடை, சிரித்த முகம். "சிரிச்சுக்கிட்டே கொழுந்து பறிக்கிறவள எந்த மலையில பாத்தீங்க? காட்டுங்க, வரையிறேன்" என்றார் சேர். வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கொழும்பில் நடந்த கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். படித்த மனிதர் ஒருவர் எழுந்து, மலையகத்தவரான நீங்கள் உங்கள் மக்களை விட்டுவிட்டு அடுத்தவர் வாழ்க்கையை வரையலாமா என்று கேட்டார். சிலர் தலையசைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேர் நிதானமாகத்தான் பேசினார். "எங்க தாத்தன் எந்த மலையில இருக்கணும்னு ஒருத்தன் சொன்னான். எங்கப்பன் எந்த லயத்துல இருக்கணும்னு இன்னொருத்தன் சொன்னான். நான் எதப் பாக்கணும்னு இப்ப நீங்க சொல்றீங்களா?" அன்றைக்கு ஒரு படமும் விற்கவில்லை. திரும்பும் ரயிலில் அவர் நன்றாகத் தூங்கினார்.

விற்காததும் நல்லதாயிற்று. ஆழிப்பேரலை அந்தக் கிராமத்தை அடித்துக்கொண்டு போனபோது ஆட்களோடு அவர்களுடைய போட்டோக்களும் போய்விட்டன. பாதை திறந்ததும் சேர் தன் படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். இறந்தவர்களின் முகம் இருந்த படங்களை அந்தந்த வீட்டுக்கே கொடுத்தார். பாக்கியத்தின் கணவர் வலைக்கயிற்றோடு நிற்கும் படம், அவர்கள் புதிதாகக் கட்டிய வீட்டில் இன்றும் இருக்கிறது.

இறுதிச் சடங்குக்கு முதல்நாள் அஞ்சலிக் கூட்டம் ஒழுங்கு செய்தவர்கள் பதாகையோடு வந்தார்கள். சேரின் முகத்துக்குப் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள், அதே சிரிப்போடு. நான் வாயைத் திறக்கும் முன்பே ரோசம்மா அக்கா எழுந்துவிட்டார். "இதக் கொண்டு போயிருங்க தம்பி. உசிரோட இருக்கையில மாட்டேன்னவர, செத்த பொறகு சம்மதிக்க வைக்காதீங்க." பதாகை வந்த வழியே போனது. அந்த இடத்தில் பிழையான படத்தைக் கொண்டுவந்து வைத்தோம்.

மடுல்சீமைத் தோட்டத்தில், தாயாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். மயானம் தேயிலைக்கு நடுவே மேட்டில் இருக்கிறது. வாகனம் அதுவரை போகாது. பெட்டியை இறக்கிய நேரத்தில் கரையிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. பாக்கியமும் அவருடைய மகன்மாரும் வலைக்காரர்களும் இறங்கினார்கள். "சேரை நாங்கதான் தூக்குவம்" என்றார்கள். தோட்டத்து ஆட்கள் தோளை விலக்கிக் கொடுத்தார்கள்.

மழை பெய்த மண். அவர்களுக்கு மணல்தான் பழக்கம். வழுக்கியதும் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தார்கள். பெட்டி ஆடியது. மேலே நின்ற தோட்டத்துக்காரர் ஒருவர், "அண்ணே, பின்னால சாயாதீங்க. முன்னுக்குச் சாஞ்சு ஏறுங்க" என்றார்.

அவர்கள் முன்னுக்குச் சாய்ந்தார்கள். அதே முதுகுகள், அதே கழுத்து நரம்பு, அதே வளைந்த முழங்கால்கள். முன்னறையில் அத்தனை வருடம் தொங்கிய படம் கண்ணெதிரே மேடு ஏறிக்கொண்டிருந்தது. பாக்கியம் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சேர்ட அந்தப் படத்தில பிழை ஒண்டும் இல்ல, டீச்சர்."

போய் வாருங்கள் சேர். எதைப் பார்க்க வேண்டும் என்று இனி உங்களுக்கு ஒருவரும் சொல்ல முடியாது.