ரொட்டி மாஸ்டர் தேறிய விதம்

உடம்பு தேறினால் போதாதா? எதனால் தேறியது என்பதும் ஒருவனுக்கு வேண்டுமா? ரொட்டிக்கடை மாஸ்டரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

கடையின் பின்கட்டில் செங்கல் அடுப்பு. அதன் வாய்க்கு முன்னால் ஒரு குழி. அதில் இறங்கி நின்று நீளத் துடுப்பால் தட்டுகளைத் தள்ள வேண்டும். நிற்பவனுடைய இடுப்புக்கு நேரே தீ இருக்கும். இளவயதிலிருந்து அவர் அந்தக் குழியில்தான் நின்றார்.

கல்யாணமாகி வருடங்கள் போயும் குழந்தையில்லை. ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணி, அவர் மனைவியின் காதுபடவே சொல்வாள்: “கொழுந்தனார் கை பட்டா மாவெல்லாம் பொங்குது. வீட்டுலதான் ஒண்ணும் பொங்கக் காணோம்.” எல்லாப் பரிசோதனையும் மனைவிக்கே நடந்தது. அவளிடம் குறையில்லை என்றான பிறகுதான் மாஸ்டரைப் பரிசோதித்தார்கள். விந்தணுக்கள் மிகக் குறைவு. இருந்தவையும் சோம்பிக் கிடந்தன. அன்றிலிருந்து கேலி அவர் பக்கம் திரும்பியது. மனைவியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அண்ணன் மூலிகை மாத்திரை விற்பவர். பச்சை டப்பா, மேலே ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று கொட்டை எழுத்து. “உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுக் கெடக்குடா. இது சுரண்டி எடுத்துரும்,” என்று தினமும் காலையில் எதிரே நின்று விழுங்க வைத்தார்.

டாக்டரம்மா வேறு சொன்னார். “இந்த மாதிரி மாத்திரைகளை வச்சு ஆராய்ச்சி நடக்குது. நம்பி உட்கார்ற அளவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. விந்தணுவுக்குச் சூடு ஆகாது. முதல்ல அந்தக் குழியை விட்டு மேல வாங்க. மூணு மாசம் போகட்டும்.”

மாஸ்டர் முன்கட்டுக்கு மாறி ரொட்டிக்குக் காகிதம் சுற்றினார். மாத்திரை வயிற்றைப் புரட்டியதால், சில நாளிலேயே அதை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு போய்த் தெருமுனைச் சாக்கடையில் துப்பத் தொடங்கினார். மனைவிக்கு மட்டும் அது தெரியும்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன்,” என்றாள் அவள்.

“விடு. அவர் மூஞ்சி வாடிப்போகும்.”

மறு பரிசோதனையில் நிலைமை நன்றாகத் தேறியிருந்தது. “இனி வாய்ப்பிருக்கு,” என்றார் டாக்டரம்மா. மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மனைவி அழுதாள். அடுத்த சந்திப்புக்கு நாளும் குறித்தார்கள்.

அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வாடிக்கையாளர்களை வீட்டுக்கு அழைத்துவந்தார். ஒல்லியான ஒரு இளம் கணவன் டப்பாவை மடியில் வைத்தபடி மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுடா, எதனால தேறுன?”

“அடுப்பை விட்டேன்.”

“அடுப்பை விட்டான், டப்பாவைப் புடிச்சான்!” எல்லோரும் சிரித்தார்கள். அந்த இளைஞனும் சிரித்தான்.

“இல்லண்ணே. நான் அதைச் சாப்பிடல. சாக்கடையில துப்பிட்டேன்.”

சிரிப்பு நின்றது. அண்ணன் முகம் கறுத்தது. கதவோரம் நின்ற அண்ணிதான் நிலைமையைக் காப்பாற்றினாள்.

“மாத்திரையும் சாப்பிடலையாம், தேறியும் போச்சாம்! அப்ப மருந்து வெளியிலிருந்துதான் வரப்போகுது. பொறக்கட்டும், மூக்கைப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம், யார் வீட்டுதுன்னு.”

பரிசோதித்தது அவர் உடம்பை. மனைவியின் நடத்தையை அல்ல. ஆனால் ஒரு கேலி நிற்பதற்குத் தர்க்கம் வேண்டியதில்லை, நாலு பேர் சிரித்தால் போதும். நாலு பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அண்ணன். தேநீர்த் தட்டோடு வந்த மனைவி, தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

மறுநாள் மாஸ்டர் முதலாளியிடம், “பழைய எடத்துக்கே போறேன்,” என்றார். மனைவி ஒரே ஒருமுறை, “ஏங்க?” என்று கேட்டாள். “மூக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே பார்ப்பாங்க,” என்றவர், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். டாக்டரம்மா குறித்த நாளில் அவள் மட்டும் மருத்துவமனைக்குப் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். அவர் குழிக்குள் நின்று தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.