அண்ணனுக்காக நான் எழுதாத கடிதம்

தேர்தல் மேல் தேர்தலாக வந்த தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில், தல்லாகுளத்துப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் துப்பாக்கி உரிமக் கோப்புகளைப் பார்க்கும் கிளார்க்காக இருந்தேன். தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் போகும். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் என் கூடப் பிறந்த அண்ணனும் உண்டு. வாடிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் கடலை போட்டிருந்தார். காட்டுப்பன்றியை விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான்.

நோட்டீசை நானே டைப் அடித்து அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் பிடித்துக்கொள்வார்.

"ஏன்டா, லைசென்சு வாங்கி ஒழுங்கா இருக்கவன்கிட்டதான் உங்க வீரமெல்லாமா? கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கவனுக்கு எந்த அட்ரசுக்கு நோட்டீஸ் அனுப்புவ?"

"பதிஞ்சு வச்சாத்தாண்ணே யார்கிட்ட என்ன இருக்குன்னு தெரியும். எலெக்சன் நேரத்துல அடிதடின்னா எவன் கையிலயும் அது இருக்கக் கூடாது."

"அப்ப பன்னிக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிரு. எலெக்சன் முடியுற வரைக்கும் நம்ம காட்டுப் பக்கம் வராதன்னு."

அண்ணன் மனைவி, என் மதினி, சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். படித்தவன் என்ற திமிர், வேறென்ன?

ஒரு தேர்தலின்போது துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கையிலேயே அண்ணனின் உரிமம் காலாவதியாகிவிட்டது. புதுப்பித்த உரிமத்தைக் காட்டினால்தான் துப்பாக்கியைத் தருவோம் என்றது ஸ்டேஷன். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பது எங்கள் அலுவலக வழக்கம். 'துப்பாக்கி உங்கள் வசமே உள்ளது, அங்கேயே பார்வையிட்டு அறிக்கை அனுப்பவும்' என்று ஒரு கடிதம் போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நானே அப்படி எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு எழுதவில்லை. சொந்தக்காரன் வேலை மட்டும் ஜரூராக நடக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவாரோ என்று பயம். என் யோக்கியதையைக் காப்பாற்றிக்கொண்டேனாம்! தூ.

அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். "முறைப்படி வரும்ணே" என்றேன். தம்பியிடம் இரண்டாம் தடவை கேட்கிற ஆளில்லை அவர்.

தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் மாலை போட்டு ஊர்வலம் வந்தும் ஆயிற்று. துப்பாக்கி வரவில்லை. பன்றிகள் பாதிக் கடலைக் காட்டைக் கிளறிப் போட்டுவிட்டன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மோட்டார் ரூமிலிருந்து வரப்பைச் சுற்றிலும் கம்பி இழுத்திருந்தார்.

"அண்ணே, கரண்டு வேலி கேஸாயிரும்ணே. யாராச்சும் மிதிச்சா என்னாகுறது?"

"அப்ப என் துப்பாக்கியக் குடு."

நாளைக்கு எழுதிவிடுவோம் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன். திங்கட்கிழமை மேலதிகாரி ஆய்வுக்கு வந்துவிட்டார். செவ்வாய் அரசு விடுமுறை. புதன்கிழமை காலை போன் வந்தது. கரண்டு போன நேரம் பார்த்து அண்ணன் கம்பியைச் சுருட்டப் போயிருக்கிறார். ஸ்விட்சை அணைக்கவில்லை. போன கரண்டு சுருக்கத் திரும்பிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் பாயைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கைவிரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஐயோ, அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், இறப்புச் சான்றிதழோடு மதினி என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"தம்பி, அந்தத் துப்பாக்கிய நான் வாங்கிட்டுப் போகலாமா? மிச்சக் கடலை இன்னும் காட்டுலதான் கெடக்கு."

உரிமம் இல்லாதவர் கையில் கொடுக்க முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் துப்பாக்கி என்றால் பதிந்துதான் வைக்க வேண்டும் என்பேன். அண்ணனும் எதிரே இருந்தால், பன்றிக்கு என்ன பதில் என்று கேட்பார்.

மதினியை உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குக் கடிதம் டைப் அடித்தேன்: உரிமதாரர் இறந்துவிட்டதால் துப்பாக்கியை அரசு வசம் எடுத்துக்கொள்ளவும். அந்தக் கடிதத்தை மட்டும் அன்றைய தபாலிலேயே சேர்த்துவிட்டேன்.