அரபியில் கதைத்த மெஷின்

முதல் நாள் அந்த மெஷின் வாய் திறந்ததும் நான் தோளில் கிடந்த ஷோலை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். அது அரபியில் கதைத்தது. பெண் குரல். குர்ஆன் ஓதுவதைத் தவிர வேறு எதற்கும் அரபி கேட்டுப் பழகாத வீடு எங்களுடையது. ஏதோ ஆயத்துத்தான் வருகிறது என்று அடக்கமாக நின்றேன். அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கதிரைக்குக் கீழே நுழைந்து மணலை உறிஞ்சத் தொடங்கியது.

அதை அனுப்பியவர் என் கணவர். கத்தாரில் ஏசி பழுதுபார்க்கும் வேலை. எங்கள் ஒரே மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் போனவர், அவள் கம்பஸுக்கு எடுபட்ட பிறகும் அங்கேதான் இருந்தார். இடைக்கிடை லீவில் வருவார். எனக்கு முதுகு எலும்பில் வருத்தம் வந்து, குனிந்து கூட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டதும், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் தானாக ஓடி வீடு கூட்டுகிற இந்த மெஷினைக் கொடுத்துவிட்டார். கல்முனையில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற வீடு. கச்சான் காற்றில் வீதிப் புழுதி வரும், வாடைக் காற்றில் கடல் மணல் வரும். தும்புத்தடியைக் கீழே வைக்க நேரம் இருக்காது.

வந்த கிழமையே அது ஹோல் ஓரத்தில் நின்றுகொண்டு ஒரே சத்தம் போட்டது. ஒரு அடி போகும், பின்வாங்கும், சுற்றும், திரும்பவும் அந்தப் பெண் குரல். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருக்குக் கோல் எடுத்தேன்.

"இஞ்ச, இது நிண்டுட்டுக் கத்துது. என்ன சொல்லுதெண்டு விளங்கல்ல."

"போனக் கிட்டப் புடி புள்ள."

குனிய முடியாமல் நிலத்தில் உட்கார்ந்து போனை அதன் முதுகில் வைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பள்ளத்துக்குக் கிட்ட நிக்காம். தூக்கி அங்கால வைக்கட்டாம்."

"பள்ளமா? ஊட்டுக்குள்ள எங்க பள்ளம்?"

கமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஹோலைச் சுற்றி ஓரமாகக் கறுப்பு டைல்ஸ் பதித்திருந்தோம். முந்திய ஒரு லீவில் அவரே கடை கடையாக ஏறி இறங்கி ஆசைப்பட்டுத் தெரிந்தெடுத்தது.

"கறுப்பத்தான் அது பள்ளமெண்டு நினைக்கிது. கவுட்டுப் பாரு, அடியில சின்னச் சின்னக் கண் இரிக்கும். வெள்ளக் கடதாசி வெட்டி அதுக்கு மேல ஒட்டு. மறுகா அதுக்குப் படியும் தெரியாது. முன் கதவ அடச்சிட்டுத்தான் விடணும், என்ன?"

ஒட்டினேன். அது கறுப்பு டைல்ஸைக் கடந்து சுவர் வரைக்கும் போய் வந்தது. மறுநாளே நான் கதவை அடைக்க மறந்துபோனேன். மெஷின் நேரே போய் வாசற்படியில் உருண்டு, முற்றத்து மணலில் மல்லாக்கக் கிடந்து சக்கரத்தைச் சுற்றியது. இதை அவரிடம் சொன்னபோது இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அப்படி அவர் சிரித்துக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

அதற்கு முன் எங்கள் கோல் எல்லாம் ஒரே மாதிரி. சாப்பிட்டாச்சா, மழையா, மகள் படிக்கிறாளா. கேட்டு முடிந்ததும், "சரி புள்ள, வைக்கன்." அவ்வளவுதான். மெஷின் வந்த பிறகு அது மாறியது. தொழுகிற முஸல்லாவின் குஞ்சத்தை இழுத்து விழுங்கிக்கொண்டு நிற்கும், அவருக்குக் கோல். லீவில் வந்து போன மகளின் தலைமயிர் பிரஷில் சுற்றி இறுகிவிடும், அவருக்குக் கோல். உப்புக் காற்றில் சார்ஜ் ஏறுகிற தகடு கறுத்துப்போய்ச் சார்ஜ் ஏறாமல் கிடந்தபோது, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்க்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

நான் ஆணியைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அவர் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தப் பக்கமில்ல, இஞ்சால." கை வேலையில் இருக்கும்போது வாய் தானாக எதையாவது கதைக்கும். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் ஏசியைத் தொட்டால் கை பொசுங்குமாம். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பெங்காலி தூக்கத்தில் மகளின் பெயரைச் சொல்லி அழுவானாம். ஒரு முறை ஏணியிலிருந்து விழுந்து கால் வீங்கிக் கிடந்ததையும் அப்படித்தான் சொன்னார்.

"எனக்கேன் அப்ப சொல்லல்ல?"

"சொல்லி என்ன செய்யிற? நீ அழுவாய். ஆணிய இடப்பக்கம் திருப்பு."

இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்ததில் அந்த மாதங்களில்தான் அவரை எனக்கு ஓரளவு தெரிந்தது.

பிறகு பரீட்சை முடிந்து மகள் வந்தாள். நான் போனை மெஷினுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அவளுடைய வாப்பாவைக் கூப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ம்மா, இதுக்கேன் வாப்பாவ வேலையில கரைச்சல் படுத்துறீங்க?"

அவளுடைய போனில் எதையோ தட்டினாள். மெஷின் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. பிரஷைத் துப்புரவாக்கு, சக்கரத்தைப் பார், குப்பைப் பெட்டி நிறைந்துவிட்டது என்று எனக்கு விளங்குகிற ஆங்கிலம். எனக்கும் சந்தோசம்தான். வேலைக்கு நடுவில் அவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று ஒரு கூச்சம் இருந்துகொண்டுதான் இருந்தது. மயிரை பிளேடால் வெட்டி எடுக்கவும், ஃபில்டரைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்திப் போடவும் பழகிக்கொண்டேன்.

"மெஷின் எப்பிடி புள்ள?" என்று அவர் கேட்பார்.

"நல்லா ஓடுது, அல்ஹம்துலில்லாஹ்."

"கரைச்சல் ஒண்டும் இல்லயா?"

"ஒண்டும் இல்ல. நானே பாத்துக்குறன்."

பழையபடி மழையா, சாப்பாடா என்று கோல் சுருங்கியது. நான் அதைக் கவனித்தேன் என்று சொல்ல முடியாது.

அந்த வருடம் அவர் லீவில் வந்தார். வந்த மறுநாள் காலை, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்று ஆங்கிலத்தில் கூப்பிட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இது எப்ப மாத்தின?"

"மகள் மாத்தித் தந்த."

கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போனார். பெட்டியைத் திறந்து, கத்தாரிலிருந்து கொண்டுவந்த, ஆணி கழற்றுகிற சின்னத் திருப்புளிகளின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். புதுப்பெட்டி. மெஷினுக்காகவே வாங்கியிருந்தார் போல. அதற்குள் நான் மெஷினைக் கவிழ்த்து, முன் சக்கரத்தை நகத்தால் நெம்பி இழுத்து எடுத்துவிட்டேன்.

"இதுக்கு ஆணி இல்ல. இழுத்தா வரும்" என்றேன்.

அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் பழகிட்டாய், என்ன?"

"ஓம். நீங்க ஒண்டுக்கும் கவலப்படத் தேவல்ல."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மனம் குளிரட்டும் என்று சொன்னேன்.

லீவு முடியப் போகிற கிழமை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கொடியில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் போகாம நிண்டா என்ன புள்ள?" என்றார்.

ஒவ்வொரு லீவின் கடைசியிலும் அவருக்கு முகம் வாடும். என்னைத் தனியே விட்டுப் போவதைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"யோசிக்காமப் போய்ட்டு வாங்க. இஞ்ச எல்லாம் நான் பாத்துக்குவன்."

தலையை ஆட்டினார். போனவர் திரும்பவும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் அன்று கேட்டதன் அர்த்தம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் போய்ப் பல மாதத்துக்குப் பிறகு, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஏதோ பேச்சில் சொன்னாள்.

"வாப்பா அந்த முற வந்தது நிக்கிறதுக்குத்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

கத்தியைக் கீழே வைத்தேன். "ஆரு சொன்ன?"

"எனக்கிட்டச் சொன்னாரு. இஞ்ச ஏசிக் கடை ஒண்டு போடப் போறாராம் எண்டு. மறுகாக் கேட்டதுக்கு, ஊடு நல்லா ஓடுது மகள், ம்மாக்கு நான் தேவல்ல எண்டாரு. கோவமாச் சொல்லல்ல. சும்மா சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாரு."

கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் கோல் எடுத்தேன். வேலையில் இருந்திருப்பார். பின்னால் ஏதோ மோட்டர் இரைந்தது.

"என்ன புள்ள, மெஷின் நிண்டுட்டா?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஆவல் இருந்தது.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. நீங்க வந்திருங்க."

அவர் மோட்டரை நிறுத்தினார்.

"கையெழுத்துப் போட்டாச்சே புள்ள."

"அப்ப ஏன் எனக்கிட்ட விளங்கச் சொல்லல்ல?"

"கேட்டன்தானே."

கேட்டார்தான். நான்தான் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டே பதில் சொன்னேன். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ் என்றார். பிறகு இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார். கீரி மீன் என்றேன். மிளகாயைக் கூடுதலாகப் போடாதே, உனக்கு வயிறு எரியும் என்றார்.

இப்போது காரியம் ஒன்றும் இல்லாமலேயே அவருக்குக் கோல் எடுக்கிறேன். நேற்று, தூக்கத்தில் அழுகிற அந்தப் பெங்காலி ஊருக்கே போய்விட்டான் என்றும், அவனுடைய கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்றும் சொன்னார். அறை அமைதியாக இருக்கிறதாம். அதனால் நித்திரை வருவதில்லையாம்.