தவிலுக்கு நடுவே ஒரு கிர்ர்

2006-ல் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடியோ கடையில் இன்ஸ்டலேஷன் வேலை பார்த்தேன். சிதம்பரத்தில் குணசேகரன் என்ற முந்திரி வியாபாரி வீட்டில் சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி எல்லாம் பொருத்திவிட்டு வந்தேன். கடையிலேயே விலை கூடிய செட் அது. மறுநாளே போன். நாகஸ்வர சிடி போட்டால், தவிலின் தொப்பியில், அதாவது குச்சியால் அடிக்கும் கனத்த பக்கத்தில், அடி விழும்போதெல்லாம் கூடவே ‘கிர்ர்’ என்கிறதாம்.

முதலாளி டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “செட்டு திரும்பி வந்துச்சுன்னா நீ வராத மாப்ள. அங்கயே ஒரு வேலயப் பாத்துக்க.”

பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மனசுக்குள் சிதம்பரம் கோயில் பக்கம் ஒரு செருப்புக் கடை திறந்துவிட்டேன். சிதம்பரம் வருவதற்குள் அது நஷ்டப்பட்டு மூடியும் போயிற்று.

வீட்டில் சிடியைத் துடைத்தேன், வேறு சிடி போட்டேன், லென்ஸைச் சுத்தம் செய்தேன். கிர்ர். இடது ஸ்பீக்கர் வயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிக் கொடுத்தேன், பிறகு ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தேன். ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு என்றால் சத்தமும் கூடவே இடம் மாறும். மாறவில்லை. அப்படியானால் அது செட்டில் இல்லை, ஹாலில் இருக்கிறது. பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அதே இடத்தை ரிப்பீட்டில் ஓடவிட்டு, ஹாலில் உள்ள ஒவ்வொன்றிலும் விரலை வைக்க வேண்டும். எதைத் தொட்டால் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். ஷோகேஸ் கண்ணாடி, பொம்மைகள், ஜன்னல் கொக்கி, டியூப்லைட் பட்டி எல்லாம் தொட்டாயிற்று.

“என்னா தம்பி, சாமி வந்த மாதிரி தொட்டுக்கிட்டே போறீங்க?” என்றார் குணசேகரனின் மனைவி செல்வி.

தொடாதது ஒன்றுதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரில் குணசேகரனின் காலஞ்சென்ற அம்மா, சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்புமாக. அப்படிப்பட்ட படத்தில் வெளியாள் யாரும் விரல் வைப்பதில்லை. கும்பிட்டுவிட்டு நகர்வோம். நானும் நகர்ந்திருந்தேன்.

“அப்ப செட்ட ஏத்திரலாமா? வண்டி சொல்லட்டா?” என்றார் குணசேகரன்.

வேறு வழி தெரியாமல் அந்த அம்மாவின் படத்திலேயே நெற்றியை வைத்து, நீதான் காப்பாத்தணும் என்று வேண்டினேன்.

சத்தம் நின்றது.

தலையை எடுத்தேன். கிர்ர். வைத்தேன். இல்லை. அம்மாவின் அருள் என்று உருகி நின்றவனுக்கு மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒற்றை ஆணியில் தொங்கிய ஃபிரேம். அதன் கண்ணாடி லூஸ். தொப்பி அடிக்கு அது சுவரோடு சேர்ந்து அதிர்ந்திருக்கிறது.

செல்வி இடுப்பில் கை வைத்தார். “உசுரோட இருந்தப்பவும் நான் பாட்டுப் போட்டா இப்படித்தான் மொணமொணப்பாங்க.”

“சும்மா இருடி” என்றார் குணசேகரன். அவர் சிரிக்கவில்லை.

அனுமதி கேட்டு, ஃபிரேமின் நான்கு மூலையிலும் ஸ்பாஞ்சு ஒட்டினேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தேன். தவில் கணீரென்று வந்தது. செட்டும் தங்கியது, என் வேலையும் தங்கியது.

அடுத்த வாரம் குணசேகரன் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“தம்பி, அந்த ஸ்பாஞ்ச எடுத்துட்டா செட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஆவாதுண்ணே. ஆனா சத்தம் திரும்ப வருமே.”

“வரட்டும் தம்பி. வூடு ஒரு மாதிரியா கெடக்கு.”

“ஒரு மூலைய மட்டும் எடுங்கண்ணே. மெதுவா வரும்.”

“அவ கேட்டா?”

“ஸ்பீக்கர் பழகுதுன்னு சொல்லுங்க.”

செட்டைத் திறப்பதற்கு முன் ஹாலைக் கேளுங்கள், வேலைக்குப் புதிதாக வருபவர்களே. நான் இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் இருப்பவர்களைத்தான் கும்பிடுகிறேன். நெற்றியை நன்றாக அழுத்தி.